மேசையில் வைக்காத சாம்பிள்

அப்பு,

இன்று வெள்ளிக்கிழமை, காலை ஒன்பதேகால் மணி. நீ விட்டுப்போன லேப்டாப் சாப்பாட்டு மேசையில் திறந்தே இருக்கிறது. திரையில், இணையத்தில் பாடம் விற்கும் அந்தப் பெரிய தளத்தின் ஒப்பந்தம். கடைசிப் பக்கத்தில் என் பெயரை எழுத ஒரு கட்டம், அதற்குக் கீழே 'ஏற்கிறேன்' என்று ஒரு பொத்தான். மாலை ஐந்து மணிக்குள் நான் அதை அழுத்த வேண்டும். அழுத்தாவிட்டால் நம் ஏலக்காய்ப் பாடத்தை அவர்களுடைய முதல் பக்கத்தில் வைப்பதாகச் சொன்ன வாய்ப்பு போய்விடும். புதன்கிழமை மதுரை பஸ்சில் ஏறிய நீ அதன் பிறகு என் போனை எடுக்கவில்லை. ஒரே ஒரு செய்திதான் வந்தது: "வெள்ளி அஞ்சு மணி. மறந்துடாதம்மா." மறக்கவில்லை. மூன்று நாளாக வேறு எதையும் நினைக்க முடியவில்லை.

இதை உனக்கு மட்டும் அனுப்பியிருக்கலாம். ஆனால் இதில் நான் சொல்லப்போகிற ஒரு விஷயத்தைப் பன்னிரண்டு வருடமாகக் கல்யாண வீட்டிலும் காதுகுத்து வீட்டிலும் பத்துப் பேர் கேட்க வேறு மாதிரிச் சொல்லிவந்திருக்கிறேன். பத்துப் பேர் முன்னால் சொன்னதைப் பத்துப் பேர் படிக்கும்படிதான் திருத்த வேண்டும். அதனால் எழுதி முடித்ததும் நீ எனக்கு உண்டாக்கிக் கொடுத்த பக்கத்திலேயே இதைப் போடப்போகிறேன். நம்மைத் தெரியாதவர்களும் படிக்கலாம் என்பதால், உனக்குத் தெரிந்ததையே சில இடங்களில் உன்னிடம் சொல்வேன். பொறுத்துக்கொள்.

போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் நமக்கு மூன்று ஏக்கர் ஏலக்காய்த் தோட்டம். உன் அப்பா திங்கள்கிழமை ஜீப்பில் ஏறினால் சனிக்கிழமைதான் இறங்குவார். மலையில் உலர்த்தி அனுப்பும் காயைச் சலித்து, தரம் பிரித்து, மூட்டை கட்டி, ஏலத்துக்குக் கொண்டுபோவது போடி வீட்டில் என் சோலி. தாவரவியல் படித்துவிட்டு முறத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாயே என்று கூடப் படித்தவர்கள் கேட்பதுண்டு. உட்கார்ந்ததில் ஒன்று கைக்கு வந்தது. ஒரு காயை எடுத்துக் காதோரம் ஆட்டினாலே உள்ளே விதை முற்றியிருக்கிறதா, அரைகுறையாகப் பறித்ததா என்று சொல்லிவிடுவேன். பங்குனியில் நீ லீவில் வந்திருந்தபோது, தேனியில் பேக்கரி வைத்திருக்கும் ஒருவர் பளபளவென்று பச்சையாக ஒரு பை காயைக் கொண்டுவந்து நீட்டினார். நான் ஈரமான வெள்ளைத் துணியில் நாலு காயைத் தேய்த்தேன். துணி பச்சையானது. சாயம். அவர் முகம் வெளுத்துப்போனது. அதைப் போனில் படம் பிடித்துக்கொண்டே, "ம்மா, இதைப் பாடமா வித்தா வாங்குவாங்கம்மா" என்று நீ சொன்னாய்.

அப்புறம் இரண்டு மாதம், சனி ஞாயிறு தோறும் கோயம்புத்தூரிலிருந்து வந்துவிடுவாய். பின்கட்டு ஜன்னல் ஓரம், இருபத்தெட்டுப் பாடம். டீக்கடைக்காரர், பேக்கரிக்காரர், வீட்டிலிருந்து மசாலாப் பொடி விற்கும் பெண்கள், இவர்களெல்லாம் ஏமாறாமல் ஏலக்காய் வாங்குவது எப்படி என்று. முதல் நாள் கேமராவைப் பார்த்ததும் எனக்கு என் பெயரே மறந்துபோனது. பதினோரு தடவை எடுத்தாய், ஒரு தடவைகூட முகம் சுளிக்கவில்லை. நாம் சண்டை போட்டது நிறத்துக்காகத்தான். படம் பளிச்சென்று இருக்கட்டும் என்று நீ பச்சையைக் கூட்டினாய். காயின் நிறத்தைக் கூட்டினால் அந்தச் சாயக்காரனுக்கும் நமக்கும் என்ன வித்தியாசம் என்று நான் கத்தினேன். மறுநாள் நீயே ஒரு வெள்ளைத் தாளைக் காய்க்கு அடியில் விரித்து, வெயில் ஜன்னலுக்கு வரும்வரை காத்திருந்து மறுபடியும் எடுத்தாய். அன்றைக்கு உன்னிடம் சொல்லாமல் விட்டதை இப்போது சொல்கிறேன். உனக்கு வேலை தெரிகிறது, அப்பு.

எடுத்து முடித்த பிறகுதான் நமக்குள் வந்தது, எங்கே விற்பது என்ற கேள்வி. நீ ஒரு தாளில் கோடு போட்டு எனக்கு விளக்கினாய். ஒரு பக்கம் பெரிய தளம். ஆயிரக்கணக்கான பாடங்கள் ஏற்கெனவே அங்கே இருக்கின்றன, கற்றுக்கொள்ள வருகிறவர்களும் அங்கேயே வருகிறார்கள். நாம் போய்க் கூட்டம் சேர்க்க வேண்டியதில்லை. இன்னொரு பக்கம், மாத வாடகைக்கு நமக்கென்று ஒரு பக்கம் கட்டிக்கொள்ளும் தளம். பாடம் நம்முடையது, விலை நம்முடையது, யார் சேர்ந்தார்கள் என்ற விவரமும் நம் கையில். ஆனால் ஆள் பிடித்து வருவது நம் பாடு. யாரும் வராவிட்டாலும் வாடகை ஓடும். நீ இரண்டையும் பதினைந்து நாள் சோதித்துப் பார்க்கலாம் என்றாய். வாடகைத் தளத்தில் என் பெயரில் ஒரு பக்கம் கட்டி, ஒரு பாடத்தை எப்படி ஏற்றுவது என்று கையைப் பிடிக்காத குறையாகச் சொல்லிக்கொடுத்தாய். பெரிய தளத்துக்கும் மாதிரிப் பாடங்களை அனுப்பினாய். அவர்களுக்குப் பிடித்துவிட்டது. தங்களிடம் மட்டுமே விற்பதாகக் கையெழுத்திட்டால் முதல் பக்கத்தில் வைக்கிறோம் என்று எழுதினார்கள். நீ வீடே அதிரும்படி விசிலடித்தாய்.

நான் அந்த ஒப்பந்தத்தை மூன்று தடவை படித்தேன். அங்கே ஆரம்பித்தது வினை. விலையை எப்போது வேண்டுமானாலும் அவர்கள் குறைக்கலாம். பாடத்தின் தலைப்பை மாற்றலாம். 'போடி ஏலக்காய்' என்று நாம் வைத்ததை 'மசாலா ரகசியங்கள்' என்று மாற்றுவதாக அந்த மடலிலேயே இருந்தது. யார் சேர்ந்தார்கள் என்று நமக்குச் சொல்ல மாட்டார்கள். மூன்று வருடத்துக்கு இந்தப் பாடத்தையோ இதைப் போன்ற வேறொன்றையோ நான் வேறெங்கும் நடத்தக் கூடாது. இதையெல்லாம் புதன்கிழமை காலை, நீ தோசை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது ஒவ்வொன்றாகச் சொன்னேன். சொன்ன நேரம் சரியில்லை, அது என் தப்பு. நீ தட்டைத் தள்ளிவிட்டாய். நமக்கென்று ஒரு கடையைத் திறந்துவைத்துவிட்டு ஈ ஓட்டவா என்றாய். பயத்தில் பேசுகிறேன் என்றாய். கோயம்புத்தூர் வேலையை விட்டு ஒன்பது நாள் ஆகிறது, அப்பாவிடம் சொல்லிவிட்டேன், உன்னிடம் சொல்லத்தான் தைரியம் வரவில்லை என்றாய். நான் அடுப்பை அணைத்தேன். இந்த ஒரு பாடம் முதல் பக்கத்தில் நின்றால் அதைக் காட்டி இன்னும் நாலு பேருக்குப் பாடம் எடுத்துக்கொடுக்கலாம், இதையே தொழிலாக வைத்துக்கொள்ளலாம் என்பது உன் கணக்கு. தப்பான கணக்கு என்று நான் இப்போதும் சொல்லவில்லை. ஆனால் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலில் நின்று நீ சொன்னாயே, அதுதான் என்னை இந்தக் கடிதத்துக்கு இழுத்துக்கொண்டு வந்திருக்கிறது.

"நம்ம பேரு யாருக்கும்மா தெரியும்? நம்ம பேர்ல வச்சா ஒருத்தனும் சீந்த மாட்டான். நீயே எத்தனை தடவை சொல்லியிருக்க."

ஆமாம். சொல்லியிருக்கிறேன்.

நம் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த கதை அது. தோட்டம் வாங்கி முதல் நல்ல காய் எடுத்த வருடம். அப்பாவுக்கு மலையில் காய்ச்சல். நான் தனியாக ஏலத்துக்குக் காய் கொண்டுபோனேன். சாம்பிளை மேசையில் வைத்தேன். ஒரு வியாபாரி தட்டில் கொட்டி, இரண்டு காயைப் பிளந்து பார்த்து, ஒரு வார்த்தை சொல்லாமல் தட்டை நகர்த்திவிட்டுக் கர்ச்சீப்பில் விரலைத் துடைத்துக்கொண்டு போனார். எந்தத் தோட்டம் என்றுகூடக் கேட்கவில்லை. ஒருவரும் விலை கேட்கவில்லை. கடைசியில் பெரிய தோட்டத்து முத்தையா அண்ணன்தான் நம் காயைத் தன் பேரில் போட்டுக் காப்பாற்றினார். இந்தக் கதையை நான் சொல்லும்போதெல்லாம் அந்தக் கர்ச்சீப் வரும் இடத்தில் எல்லோரும் உச்சுக்கொட்டுவார்கள். அப்போது உனக்குப் பன்னிரண்டு வயது. பெரியவனானதும் அந்த ஆளைக் கண்டுபிடித்துக் கர்ச்சீப்பைப் பிடுங்கிவிடுவேன் என்று நீ சொன்னதும் அந்தக் கதையோடு சேர்ந்துகொண்டது.

அப்பு, அந்தச் சாம்பிளை நான் மேசையில் வைக்கவே இல்லை.

நடந்தது இது. ஏலக் கம்பெனிக்குள் போனேன். கையில் நம் காய், ஒரு சின்னப் பையில். எனக்கு முன்னால் வரிசையில் ஒரு விவசாயி. தேவாரம் ஊர்ப் பக்கத்து ஆள் என்று பேச்சில் தெரிந்தது. கசங்காத வெள்ளைச் சட்டை, அன்றைக்கென்று எடுத்துப் போட்டது. அவருடைய காயைத்தான் அந்த வியாபாரி பிளந்து பார்த்துவிட்டுத் தட்டை நகர்த்தினார். அவர் எதிரில்தான் விரலைத் துடைத்துக்கொண்டார். அந்த மனுசன் சிரித்தபடியே நின்றார். சிரிப்பை எப்போது நிறுத்துவது என்று தெரியாமல் நின்றார். அடுத்தது நான். ஒவ்வொருவர் சரக்கையும் ஒரு லாட்டாகப் பதிவு எழுதுகிறவர் தலையைத் தூக்காமலே கேட்டார்: "யார் பேர்லம்மா லாட்டு?"

இதோ வர்றேன் என்று ஏதோ முனகிவிட்டுத் திரும்பி வெளியே வந்துவிட்டேன். அவ்வளவுதான். வெளியே முத்தையா அண்ணனின் ஜீப்பு நின்றது. அவர் நல்ல மனிதர், அதைச் சொல்லியாக வேண்டும். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்ன ஆத்தா, நாடி விழுந்துபோய் நிக்கிற? கொண்டா, என் காயோட சேத்து என் பேர்லயே போட்டுருவோம்" என்றார். அவர் பேரில் வரும் லாட்டைப் பாதி வியாபாரிகள் பிளந்துகூடப் பார்க்க மாட்டார்கள். காய் போனது. நல்ல விலைக்கே போனது. மலைக்குப் போய் உன் அப்பாவிடம் என்ன சொல்வது? நம் பேரில் வைக்கப் பயந்து திரும்பிவிட்டேன் என்றா? அவர் பத்து வருடம் ஆசைப்பட்டு வாங்கிய தோட்டம். வைத்தேன், யாரும் கேட்கவில்லை என்றேன். அவர் நம்பவில்லையோ என்று தோன்றியபோது அந்த வெள்ளைச் சட்டைக்காரருடைய அவமானத்தை எடுத்து எனக்குப் போட்டுக்கொண்டேன். கர்ச்சீப் அப்படித்தான் நம் வீட்டுக்கு வந்தது.

அதோடு முடிந்திருந்தால் ஒரு நாள் பொய். ஐந்து வருடம் நம் காய் முத்தையா அண்ணன் பேரிலேயே போனது. நம் காய்க்கு நம் பேர் வேண்டாமா என்று உன் அப்பா ஒவ்வொரு வருடமும் ஒரு தடவை கேட்பார், கோபமில்லாமல். பேரை வைத்துச் சோறு பொங்கவா என்று நான் சிரித்து மழுப்புவேன். ஆறாம் வருடம் முத்தையா அண்ணன் தோட்டத்தை விற்றுவிட்டுப் பிள்ளைகளோடு திருச்சிக்குப் போய்விட்டார். வேறு வழியில்லாமல் நான் முதல்முறையாக நம் பேரைச் சொல்லி லாட் போட்டேன். வியாபாரி காதர் அண்ணன் அன்று சாம்பிளைப் பார்க்க வந்தார். ஐந்து வருடமாக நம் காயை வாங்கிக்கொண்டிருந்தவர் அவர்தான். முத்தையா காயைப் போல மணம் வராது என்று என் காதுபடவே பலரிடம் சொல்லியிருக்கிறார். பத்துக் காய் பிளந்தார். ஒன்றைக் கடித்துப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து ரொம்ப மரியாதையாகக் கேட்டார்: "காய் நல்லாருக்கு தங்கச்சி. புதுசா தோட்டம் போட்டிருக்கீங்களோ?"

ஐந்து வருடமாக நீங்கள் வாங்குவது இதைத்தான் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் முத்தையா அண்ணன் பெயர் கெடும், நான் செய்ததும் வெளியே வரும். தலையை ஆட்டினேன். அன்று நம் லாட்டுக்குப் புதியவர்களுக்குக் கேட்கும் விலையைத்தான் கேட்டார்கள். ஐந்து வருட உழைப்பு இருந்தது, அது நம்முடையது என்று தெரிந்தவர் ஒருவரும் இல்லை. மறுபடி ஆரம்பத்திலிருந்து தொடங்க வேண்டியிருந்தது.

இந்தப் பொய்யால் எனக்கு நேர்ந்ததை நான் தாங்கிக்கொண்டேன். உனக்கு நேர்ந்ததைத்தான் மூன்று நாளாகத் தாங்க முடியவில்லை. கல்லூரியில் மூன்றாம் வருடம், துறை விழாப் படம் முழுவதையும் நீதான் எடுத்து வெட்டி ஒட்டினாய். கடைசியில் ஓடிய பெயர் உன் சீனியருடையது. ஏன் என்று கேட்டேன். "நம்ம பேரு போட்டா யாரும்மா பாப்பாங்க" என்று சாதாரணமாகச் சொன்னாய். எனக்கு அப்போதே சுருக்கென்றது. ஆனால் கேள்வியைத் தொடர்ந்தால் என் கதை வரை போக வேண்டியிருக்குமே என்று விட்டுவிட்டேன். உன் வாயில் அந்த வார்த்தையை வைத்தவள் நான். நடக்காத ஒரு நிராகரிப்பைச் சொல்லிச் சொல்லி, நம்மை யாரும் சீந்த மாட்டார்கள் என்று உன்னை நம்பவைத்தேன். உலகம் உன்னிடம் அப்படிச் சொல்லவே இல்லை, அப்பு. உன் அம்மாதான் சொன்னாள்.

இனி தளத்தைப் பற்றி. போன வருடம் நான் அந்தப் பெரிய தளத்தில் கேக் செய்யக் கற்றுக்கொண்டது நினைவிருக்கிறதா? முட்டையில்லாமல் உன் பிறந்தநாளுக்குச் செய்தேனே. அந்தப் பெண் எவ்வளவு அழகாகச் சொல்லிக்கொடுத்தாள். மாவை மடித்துக் கலக்கும்போது மணிக்கட்டு எப்படித் திரும்ப வேண்டும் என்று மூன்று கோணத்தில் காட்டினாள். அவள் பெயர் என்ன? நேற்று ஒரு மணி நேரம் யோசித்தேன். வரவில்லை. எங்கே கற்றுக்கொண்டாய் என்று கேட்டவர்களுக்கெல்லாம் நான் தளத்தின் பெயரைத்தான் சொல்லியிருக்கிறேன். அவளுக்கும் என்னைத் தெரியாது. கேக் நடுவில் அமுங்கிப்போனபோது அவளிடம் கேட்க வழியில்லை. தளம் அவளை ஏமாற்றவில்லை, முத்தையா அண்ணன் நம்மை ஏமாற்றாததைப் போலவே. ஆள் கூட்டம் அங்கேதான் இருக்கிறது என்று நீ சொல்வதும் உண்மை. ஆனால் தளத்தை எடைபோடும்போது எத்தனை பேர் வருவார்கள் என்பதோடு இன்னொன்றையும் கேட்டுப் பார். நாளைக்கு அந்தத் தளம் தன் சட்டத்தை மாற்றினாலோ, நாமே கிளம்ப வேண்டியிருந்தாலோ, நம்மிடம் படித்தவர்களில் ஒருவரையாவது நாம் கூப்பிட முடியுமா? முடியாதென்றால் மூன்று வருடம் கழித்துக் காதர் அண்ணன் கேட்டதைத்தான் உன்னையும் கேட்பார்கள். புதிதாக ஆரம்பித்திருக்கிறீர்களோ என்று.

நான் மறுபடியும் பயத்தில்தான் பேசுகிறேனா என்றும் என்னையே கேட்டுக்கொண்டேன். நீ சொன்னதை அலட்சியமாகத் தள்ளவில்லை. நாற்பத்தேழு வயதில் புதிதாக ஒன்றை மறுப்பதும் பயமாக இருக்கக்கூடும். அதனால் எதைச் செய்ய எனக்கு அதிகம் பயமாக இருக்கிறது என்று பார்த்தேன். பெரிய தளத்தில் யாரும் வாங்காவிட்டால் அது ஆயிரம் பாடங்களுக்கு நடுவே சத்தமில்லாமல் கிடக்கும். எனக்குத் தெரியாது, யாருக்கும் தெரியாது. நம் பக்கத்தில் யாரும் வராவிட்டால் என் பெயருக்குக் கீழே பூஜ்யம் என்று நிற்கும், நானே அதைப் பார்க்க வேண்டும். இதற்குத்தான் நான் அதிகம் பயந்தேன். பதில் எந்தப் பக்கம் இருக்கிறது என்று அப்போது தெரிந்துகொண்டேன்.

முதலில் உன் அப்பாவிடம் சொல்ல வேண்டியிருந்தது. காலை ஏழு மணிக்குப் போன் செய்தேன். டவர் கிடைக்கும் பாறையில் ஏறி நின்றுகொண்டு, தண்ணிக் குழாய் உடைந்ததைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். நிறுத்திவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். பன்னிரண்டு வருடம், அப்பு. அவர், "அப்ப அந்தச் சாம்பிள் காயை என்ன பண்ணுன?" என்றார்.

"பாயசத்துல போட்டேன். நீங்கதான் இன்னொரு தம்ளர் கேட்டு வாங்கிக் குடிச்சீங்க."

அவர் சிரிக்கவில்லை. "ஆளுக வந்துட்டாக, வைக்கிறேன்" என்று வைத்துவிட்டார். அதன் பிறகு கூப்பிடவில்லை. நீ வேலையை விட்டதை ஒன்பது நாள் அவர் என்னிடம் மறைத்ததற்குக் கோபப்பட நினைத்திருந்தேன். எனக்கு அந்த உரிமை இல்லாமல் போய்விட்டது.

பிறகு நீ சொல்லிக்கொடுத்தபடி, வாடகைத் தளத்தில் நீ கட்டிய பக்கத்தைத் திறந்தேன். முதல் பாடத்தை, அதுதான் ஈரத்துணிப் பாடம், யாரும் இலவசமாகப் பார்க்கும்படி வைத்தேன். சாம்பிள் கொடுக்காமல் லாட் போட முடியாது, எனக்குத் தெரிந்த முறை அதுதான். மேலே என் பெயர், தோட்டத்தின் பெயர், போடிநாயக்கனூர். கீழே என் நம்பர். 'வெளியிடு' என்பதை அழுத்தும்போது மணி எட்டரை. உன் அப்பாவுக்கும், காதர் அண்ணனுக்கும், அந்தத் தேனி பேக்கரிக்காரருக்கும், காய் பொறுக்க வரும் பெண்களுக்கும், கல்லூரிச் சிநேகிதிகளுக்கும் அனுப்பினேன். யாருக்காவது அனுப்புங்கள் என்று கேட்டு எழுதினேன். அப்படிக் கேட்டு எழுதுவது இவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியாது. உனக்குத் தெரிந்திருக்கிறது, அதனால்தான் நீ அந்தப் பெரிய வாசல் வழியாகப் போய்விடப் பார்த்தாய்.

மணி பன்னிரண்டரை. இதுவரை மூன்று பேர் பார்த்திருக்கிறார்கள். அதில் ஒருத்தி நான்.

மூன்று மணி. பத்தொன்பது பேர். பணம் கட்டிச் சேர்ந்தவர் யாரும் இல்லை. காதர் அண்ணன் குரல் செய்தி அனுப்பியிருக்கிறார். "தங்கச்சி, காயைத் துணில தேச்சுக் காட்டுனது சரியான சங்கதி. ஆனா பதினஞ்சு நிமிசம் எவன் உக்காந்து பாப்பான்? எனக்கே ரெண்டு தடவை கண்ணு சொக்கிருச்சு." அவரிடமும் அந்த ஐந்து வருடக் கதையைச் சொல்ல வேண்டும். இதைப் படித்தே தெரிந்துகொள்வார், ஆனாலும் நேரில் போய்ச் சொல்கிறேன். பாடம் நீளம் என்பதை மட்டும் நீ குறித்துக்கொள்.

நாலு மணி. ஒப்பந்தத்தை மறுபடி திறந்துவைத்திருக்கிறேன். விரல் அந்தப் பொத்தானுக்கு மேலேயே இருக்கிறது. உன் சம்பளம் நின்றுவிட்டது என்ற நினைப்பு வரும்போதெல்லாம் அழுத்திவிடலாம் என்று தோன்றுகிறது. பெற்றவளுக்கு அது தோன்றாமல் இருக்காது. நீ என்னை மன்னிக்காமல் போகலாம். உன் முதல் வாய்ப்பைக் கெடுத்தவள் என்று நாளைக்கு நீயும் ஒரு கதை சொல்லலாம். சொன்னால் உள்ளதைச் சொல், அவ்வளவுதான் கேட்பேன். இன்னொன்றையும் முடிவு செய்தேன். பாடம் ஒவ்வொன்றின் கடைசியிலும் 'ஒளிப்பதிவு, படத்தொகுப்பு' என்று போட்டு உன் பெயரைச் சேர்க்க வேண்டும். எப்படிச் செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. அதனால் முதல் பாடத்துக்குக் கீழே எழுத்தில் சேர்த்திருக்கிறேன். போய்ப் பார்.

நாலே முக்கால். உன் அப்பாவிடமிருந்து போன். ஒப்பந்தத்தைப் பற்றிக் கேட்பார் என்று நினைத்தேன். பாறையில் நின்றுகொண்டு பாடத்தை முழுவதும் பார்த்தாராம். "தோட்டத்துப் பேரைப் பெரிசாப் போடச் சொல்லு அவன்ட்ட. கண்ணாடி போட்டுத் தேட வேண்டியிருக்கு" என்றார். வைத்துவிட்டார். அவர் கோபம் முடிந்துவிட்டது என்று நான் எடுத்துக்கொள்ளவில்லை. சனிக்கிழமை இறங்குவார், அப்போது தெரியும்.

ஐந்து பத்து. நான் அழுத்தவில்லை. பொத்தான் சாம்பல் நிறமாகிவிட்டது. ஐந்தாகும் வரை பார்த்துக்கொண்டே இருந்தேன், எழுந்து போகவில்லை.

ஐந்து இருபது. இந்தக் கடிதத்தை முடிக்கப்போகும்போது போனில் ஒரு செய்தி, தெரியாத நம்பர். ராஜபாளையத்தில் பலகாரக் கடை வைத்திருப்பதாகச் சொல்கிறார் ஒருவர். பேக்கரிக்காரர் அனுப்பிப் பார்த்தாராம். நன்றாக இருந்தது என்றோ மோசம் என்றோ எதுவும் சொல்லவில்லை. சேர்கிறேன் என்றும் சொல்லவில்லை. கேட்டிருப்பது இவ்வளவுதான்: "உங்க பேரு கேள்விப்பட்டதில்லையேம்மா. எந்தத் தோட்டம்?"

பன்னிரண்டு வருடமாக நான் ஓடிக்கொண்டிருந்த கேள்வி, அப்பு. இரண்டு தடவை தட்டச்சு செய்து இரண்டு தடவை அழித்தேன். பிறகு என் பெயரை எழுதினேன். தோட்டத்தின் பெயரை எழுதினேன். போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் மூன்று ஏக்கர், பன்னிரண்டு வருடமாக எங்கள் காய், முதல் ஐந்து வருடம் இன்னொருவர் பெயரில் விற்றோம் என்றும் எழுதி அனுப்பினேன். அவர் படித்துவிட்டார் என்று காட்டுகிறது. பதில் இன்னும் வரவில்லை.

மேசையை விட்டு நான் எழுந்திருக்கவில்லை. நீ போனை எடு.

அம்மா